டான்யூப் வழக்கில் இலங்கைக் குளங்கள்

டான்யூப் ஆற்றில் இரண்டு அணைகள் கட்டுவதென்று ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977 செப்டம்பர் 16 அன்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மேலே காப்சிகோவோ, கீழே நாஜ்மரோஷ். மின்சாரம், கப்பல் போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு ஆகிய மூன்று பயன்களை எண்ணிப் போட்ட திட்டம் அது. 1989-இல் ஹங்கேரி தன் பங்கு வேலையை நிறுத்தியது. ஆற்றையும் கரையோர நிலத்தடி நீரையும் அணைகள் கெடுத்துவிடும் என்று காரணம் சொன்னது. தன் பங்கில் பெரும்பகுதியை முடித்துவிட்டிருந்த செக்கோஸ்லோவாக்கியா, 1992 அக்டோபரில் தன் எல்லைக்குள்ளேயே ஆற்றைத் திருப்பிவிட்டது. அந்த நாடு பிரிந்து ஸ்லோவாக்கியா உருவான பிறகு வழக்கு ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1997 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பு வந்தது. ஹங்கேரி வேலையை நிறுத்தியது தவறு. மறுதரப்பு ஆற்றைத் திருப்பியதும் தவறு. ஒப்பந்தம் இன்னும் செல்லும், இரு நாடுகளும் உட்கார்ந்து பேசி வழி காணட்டும் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்போடு நீதிமன்றத்தின் துணைத் தலைவர் எழுதிய தனிக்கருத்து ஒன்றும் வெளியானது. நடு ஐரோப்பாவில் ஓடும் ஓர் ஆற்றின் வழக்கில் அவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது இலங்கையின் பழைய குளங்களைப் பற்றி.

அவர் கிறிஸ்டோபர் கிரெகரி வீரமந்திரி. 1926 நவம்பரில் கொழும்பில் பிறந்தார். ராயல் கல்லூரியில் படித்து, லண்டன் பல்கலைக்கழகப் பட்டங்கள் பெற்று, 1948-இல் வழக்கறிஞரானார். 1967 முதல் 1972 வரை இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 1991 முதல் 2000 வரை ஹேக்கில் நீதிபதி. அதில் கடைசி மூன்று ஆண்டுகள் துணைத் தலைவர். 2017 ஜனவரியில் தம் 90 வயதில் மறைந்தார். டான்யூப் வழக்கில் அவர் எழுதியதைச் சட்ட அறிஞர்களில் ஒரு சாரார் வியந்தார்கள். இன்னொரு சாரார் அதைப் படிப்பாளி ஒருவரின் விரிவுரையாக மட்டும் பார்த்தார்கள். குளமும் அரசனும் பௌத்த உபதேசமும் சுவையான செய்திகள், ஆனால் சட்டத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்பது அவர்களுடைய கேள்வி. என் எண்ணம் வேறு. அந்தக் குளங்களை வீரமந்திரி சாட்சிக் கூண்டில் நிறுத்தினார். அந்தச் சாட்சியம் சட்டச் சான்றாகவே எடுத்துக்கொள்ளத் தக்கது. அப்படி ஒரு சாட்சியை அழைக்கும் பழக்கம் அவருக்கு இலங்கைச் சட்டத்திலிருந்தே வந்தது. அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்மிடமிருந்த சாட்சிகளில் வலுவானவர்களை அவர் முன்வரிசையில் உட்கார வைக்கவில்லை.

இலங்கையில் சட்டம் படித்தவருக்கு ஒரு நாடு என்றால் ஒரு சட்டம் என்ற எண்ணம் வரவே வழியில்லை. கண்டிப் பகுதிச் சிங்களவரின் வாரிசுரிமை கண்டிச் சட்டப்படி நடக்கும். யாழ்ப்பாணத்துத் தமிழரின் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொத்துவகைகள் எல்லாம் தேசவழமைப்படி பங்காகும். முஸ்லிம்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் தனிச் சட்டம். எதிலும் அடங்காத மற்றவற்றுக்கு, டச்சுக் கம்பெனி கொண்டுவந்ததும் 1799-இன் பிரகடனத்தால் ஆங்கிலேயர் தொடர்ந்து நடக்கவிட்டதுமான ரோமன்-டச்சுச் சட்டம். வணிக விவகாரங்களில் பலவற்றுக்கு 1852 முதல் ஆங்கிலச் சட்டம். ஆகவே கொழும்பு நீதிமன்றத்தில் உட்காரும் ஒருவர், சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்பே, இந்த மனிதருக்கு எந்தச் சட்டம் என்று கேட்கப் பழகியிருப்பார். அதைவிட முக்கியம், வழக்கம் எப்படிச் சட்டமாகிறது என்பதையும் அவர் கண்ணெதிரே பார்த்திருப்பார். தேசவழமையை எந்த அரசனும் இயற்றவில்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த டச்சு அதிகாரி கிளாஸ் இசாக்ஸ், மக்கள் நடைமுறையில் கண்டதைத் தொகுத்தார். அதன் தமிழ்ப் படியைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரிபார்த்தார்கள். 1707-இல் அது ஏட்டுக்கு வந்தது. ஏட்டுக்கு வருவதற்கு முன்பும் அது சட்டம்தான். ஊர் அதைக் கடமையென்று ஏற்று நடந்தது என்பதே அதற்கு ஆதாரம்.

வீரமந்திரியின் முதல் பெரிய நூல் இந்த மண்ணில் முளைத்தது. ஒப்பந்தச் சட்டம் பற்றி இரண்டு தொகுதிகளாக 1967-இல் வெளியிட்ட அந்த நூலில், ரோமன்-டச்சுச் சட்டத்தையும் ஆங்கிலச் சட்டத்தையும் இலங்கையின் வழமைச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உச்ச நீதிமன்றத்தில் அவர் அமர்ந்ததும் அதே ஆண்டுதான். 1988-இல் இஸ்லாமியச் சட்டவியல் பற்றி எழுதியபோது அதே முறையை இன்னும் விரிந்த களத்தில் கையாண்டார். நாடுகளுக்கிடையிலான சட்டத்தின் தந்தை என்று ஐரோப்பா கொண்டாடும் குரோஷியஸ் தம் பெருநூலை வெளியிட்டது 1625-இல். போர், உடன்படிக்கை, தூதர் பாதுகாப்பு ஆகியவற்றை இஸ்லாமிய அறிஞர் ஷைபானி அதற்குச் சுமார் எட்டு நூற்றாண்டுகள் முன்பே முறைப்படுத்தி எழுதியிருந்தார் என்பதை வீரமந்திரி எடுத்துக்காட்டினார். சர்வதேசச் சட்டம் ஓர் ஊரில் பிறந்து மற்ற ஊர்களுக்கு ஏற்றுமதியான சரக்கு என்ற கதையை அவர் ஏற்கவில்லை என்பதுதான் இந்த நூல்களின் ஊடே ஓடும் சரடு.

அந்தச் சரடு சுற்றுச்சூழலோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது நவுருவில். பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள தீவு அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே பாஸ்பேட் வெட்டப்பட்டது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் உலக நிறுவனங்களின் பெயரால் அந்தத் தீவுக்குப் பாதுகாவலராக இருந்த காலத்தில், அந்த உரம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளை வளப்படுத்தியது. நவுருவின் நடுப்பகுதி கூரிய சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் நிற்கும் பாழாயிற்று. வெட்டி முடித்த நிலங்களைச் சீராக்கும் பொறுப்பு யாருடையது என்று ஆராய நவுரு அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கு வீரமந்திரி தலைவர். அறிக்கை 1988-இல் வந்தது. அடுத்த ஆண்டு நவுரு ஆஸ்திரேலியாவை ஹேக்குக்கு இழுத்தது. 1992 ஜூனில் ஆஸ்திரேலியாவின் முதற்கட்ட ஆட்சேபங்களில் பெரும்பாலானவற்றை நீதிமன்றம் தள்ளியது. 1993-இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாக ஆஸ்திரேலியா சமரசம் செய்துகொண்டது. வீரமந்திரி அப்போது அந்த நீதிமன்றத்தின் நீதிபதிதான். ஆனால் அந்த வழக்கின் அமர்வில் அவர் இல்லை. நவுருவில் அவர் கையில் எடுத்த கேள்வி மிக எளியது. ஒரு நிலத்தைக் காக்கிறேன் என்று பொறுப்பேற்றவன், அந்த நிலத்தைத் தின்னலாமா? காப்பவனுக்கும் உடையவனுக்கும் உள்ள வேறுபாடு என்ற இந்த ஒரே புள்ளிதான் பின்னால் டான்யூப் கருத்திலும் மையமாக நிற்கிறது.

டான்யூப் வழக்கில் சிக்கல் இதுதான். ஸ்லோவாக்கியா வளர்ச்சிக்கான உரிமையைப் பேசியது. ஹங்கேரி சுற்றுச்சூழலைக் காக்கும் கடமையைப் பேசியது. இரண்டும் ஏற்கத்தக்கவை, இரண்டும் மோதுகின்றன. பெரும்பான்மைத் தீர்ப்பு வளங்குன்றா வளர்ச்சி என்பதைத் தொட்டுச் சென்றது. அதை ஒரு கருத்தாக்கமாகக் குறிப்பிட்டது. கருத்தாக்கம் யாரையும் கட்டுப்படுத்தாது. வீரமந்திரி அதைக் கட்டுப்படுத்தும் நெறி என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு ஆதாரம் தேவைப்பட்டது. ஸ்டாக்ஹோமிலும் ரியோவிலும் நடந்த மாநாடுகளின் அறிக்கைகள் போதுமான ஆதாரமல்ல. அவற்றில் மூத்ததற்கே அப்போது கால் நூற்றாண்டு வயதுதான். ஆகவே அவர் எதிர்த்திசையில் போனார். வளர்ச்சியையும் இயற்கையையும் ஒரே வேலையாகச் செய்து காட்டிய சமூகங்கள் உலகில் இருந்தனவா, அதைக் கடமையென்று எண்ணிச் செய்தனவா என்று கேட்டார். ஆப்பிரிக்காவின் சோஞ்சோ, சாக்கா மக்களின் வாய்க்கால்களும், ஈரானின் நிலத்தடி நீர்வழிகளான கனாத்துகளும் அவருடைய விடையில் வருகின்றன. ஆனால் முதலிலும் விரிவாகவும் வருவது இலங்கை. குளம் வெட்டுவது வளர்ச்சிப் பணி. காட்டைத் திருத்தி, மண்ணை மாற்றி, ஓடையை மறித்துச் செய்யும் பணி. அதே குளம் வண்டலைத் தடுக்கிறது, நிலத்தடி நீரை ஏற்றுகிறது, விலங்குக்கும் நீர் தருகிறது. வழக்கில் எதிரெதிரே நின்ற இரண்டு வாதங்களும் ஒரே கரைக்குள் அடங்கியிருக்கும் பொருளை அவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார். இதைவிடப் பொருத்தமான சாட்சி அந்த வழக்குக்குக் கிடைத்திருக்காது.

சாட்சியின் யோக்கியதையைப் பார்ப்போம். இலங்கையின் உலர் வலயத்தில் மழை ஆண்டின் சில மாதங்களில் மட்டும் கொட்டும். அதைத் தேக்காமல் நெல் இல்லை. அநுராதபுரத்தின் தொடக்கக் காலத்துக் குளங்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துக்குப் போகும் ஜயகங்கை என்ற வாய்க்கால் 87 கிலோமீட்டர் நீளம். அதன் முதல் 17 மைல் தூரத்தில் மைலுக்கு 6 அங்குலமே சரிவு. ஒரு பக்கம் மட்டும் கரை கட்டி, மறுபக்கத்தை இயல்பான நிலத்தோடு பரவவிட்டதால், அது வாய்க்காலாகவும் நீண்ட குளமாகவும் ஒருங்கே நின்றது. இவை கண்ணுக்குத் தெரியும் பெருமைகள். ஆனால் அந்த நாகரிகத்தைத் தாங்கியவை ஆயிரக்கணக்கான சிற்றூர்க் குளங்கள். அவை தனித்தனியே கிடப்பவை அல்ல. ஓர் ஓடையின் போக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்தவை. மேற்குளத்தின் துருசு என்ற மதகு வழியே வயலுக்குப் பாய்ந்த நீர், வயலின் வடிகால் வழியே அடுத்த குளத்தில் சேரும். ஒரே நீர் பல ஊர்களின் நெல்லை விளைவித்துவிட்டுப் போகும். ஊர்க்குளத்துக்கு மேலே வண்டலை மட்டும் பிடித்து நிறுத்த ஒரு சிறு குளம் இருக்கும். இன்னும் மேலே, காட்டுக்குள், வயலுக்கு ஒரு சொட்டும் விடாத குளம் ஒன்று இருக்கும். அது காட்டு விலங்குகளுக்கு. தண்ணீர் தேடி யானை வயலுக்கு வராமலிருக்க இது உதவியது என்பது உண்மை. விலங்குக்கும் நீரில் பங்கு உண்டு என்று ஊர் எண்ணியதும் உண்மை. வண்டற்குளத்தையும் காட்டுக்குளத்தையும் வீரமந்திரி தம் கருத்தில் குறிப்பாகச் சொல்கிறார்.

எனக்கு இந்த ஊர்க்குளங்களைச் சுற்றிய வழக்கங்களில் பெரிதாகப் படுவது பெத்ம என்பது. மழை பொய்த்த ஆண்டில் குளத்தில் இருக்கும் நீர் முழு வயற்பரப்புக்கும் போதாது. அப்போது அவரவர் நிலத்தில் அவரவர் விதைப்பதில்லை. குளக்கட்டை அடுத்த வயல்களை மட்டும் தேர்ந்து, அவற்றை ஊரின் எல்லாப் பங்காளிகளுக்கும் அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பப் பிரித்துவிடுவார்கள். கட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர், இது என் நிலம், நீர் முதலில் எனக்குத்தான் பாயும் என்று சொல்ல முடியாது. அடுத்த நல்ல மழைக்கு நிலம் உரியவரிடம் திரும்பும். ஒரு பருவத்துக்குத் தனிச் சொத்தின் எல்லைகளையே அழித்து வரைய ஊருக்கு அதிகாரம் உண்டு என்பதும், அந்த அதிகாரத்துக்கு எல்லோரும் பணிந்தார்கள் என்பதும் சட்டம் இல்லாமல் வேறென்ன? வழக்கம் சட்டமாவதற்கு இரண்டு தேவை என்பார்கள் சட்ட அறிஞர்கள்: நீண்ட நடைமுறை, அதைச் செய்தாக வேண்டும் என்ற கடமை உணர்வு. பெத்மவில் இரண்டும் உண்டு.

இதைக் காலனி அரசே ஒப்புக்கொண்டது என்பது பலரும் கவனிக்காத சான்று. விசாரணை ஆணையர் கோல்புரூக்கின் பரிந்துரைப்படி 1832-இல் ராஜகாரிய என்ற கட்டாய ஊழியத்தை ஆங்கில அரசு ஒழித்தது. அது மனித விடுதலையின் கணக்கில் வரவு. ஆனால் குளக்கட்டைப் பராமரிக்க ஆளை அழைக்கும் ஏற்பாடும் அதோடு போயிற்று; வேறு ஏற்பாடு எதுவும் அதன் இடத்தில் வரவில்லை; கட்டுகள் உடைந்தன. 1840-இன் 12ஆம் சட்டம், உரிமை ஆவணம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுச் சொத்தாக அனுமானித்தது. குளத்துக்கு மேலிருந்த காடு இவ்வாறு குளத்திலிருந்து பிரிக்கப்பட்டது; சங்கிலியின் மேல் முனை வேறொருவன் கைக்குப் போனது. நெல் விளைச்சல் சரிந்த பிறகு, ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856-இல் 9ஆம் சட்டம் வந்தது. அதன் நோக்கம் புதிய விதிகளை உண்டாக்குவது அல்ல. நீர்ப்பாசனத்திலும் நெற்செய்கையிலும் ஊர்களில் நிலவிய பழைய வழக்கங்களை மீட்டு, கமக்காரர் கூடி உறுதிசெய்து, மீறுபவருக்குத் தண்டம் விதிப்பதே அது. லண்டனுக்குக் கட்டுப்பட்ட ஒரு சட்டசபை, அநுராதபுரத்து உழவன் பின்பற்றிய நெறியைச் சட்டமென்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஏற்றுவிட்டது. 1997-இல் வீரமந்திரி ஹேக்கில் கேட்டது அதைவிட வினோதமான எதையும் அல்ல.

இங்கேதான் அவருடைய கருத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ஊரின் வழக்கத்தை அவர் சொல்கிறார். ஆனால் உரக்கப் பேச அரசர்களை விடுகிறார். நிலத்துக்கு நீ உரிமையாளன் அல்ல, காவலன் மட்டுமே என்று மகிந்த தேரர் மன்னன் தேவநம்பிய தீசனுக்குச் செய்த உபதேசமும், மனிதருக்குப் பயன்படாமல் மழைநீர் கடலுக்குப் போகக்கூடாது என்ற பராக்கிரமபாகுவின் ஆணையும் அவர் எழுத்தில் முக்கிய இடம் பெறுகின்றன. இதற்கு வரும் ஆட்சேபம் நியாயமானது. இவை பிக்குகள் எழுதிய வரலாற்றுக் காவியங்களின் கூற்றுகள். மகாவம்சம் தீசன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் எழுதப்பட்டது. பராக்கிரமபாகுவைப் பற்றிய பகுதி அவனைப் புகழவே எழுந்தது. மேலும், அந்தப் பெருங்குளங்களின் கரைகளைக் கட்டியவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். பிறப்பும் சாதியும் நிர்ணயித்த ஊழியம் செய்தவர்கள். இந்த இரண்டையும் மறுக்க முடியாது. ஆனால் ஆட்சேபம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காவியம் அரசனைப் புகழ எதைத் தேர்கிறது என்பதே ஒரு தடயம். போரில் கொன்ற கணக்கைப் போலவே வெட்டிய குளத்தின் கணக்கையும் அது எழுதுகிறதென்றால், குளம் காப்பது அரசனின் கடமை என்று அதைக் கேட்டவர்கள் நம்பினார்கள் என்று பொருள். அரசன் உண்மையில் அந்தச் சொற்களைச் சொன்னானா என்பது வரலாற்றாசிரியரின் கேள்வி. அரசனை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பது சட்டத்தின் கேள்வி. அதற்குக் காவியம் நல்ல சாட்சியே. கட்டாய ஊழியம் பற்றிய ஆட்சேபமோ பெருங்குளத்தைத்தான் அதிகம் தாக்குகிறது. சிற்றூர்க் குளத்தையும் பெத்மவையும் அது அவ்வளவாகத் தொடாது. வீரமந்திரி அந்தச் சிறு சாட்சிகளை முன்னே அழைத்திருந்தால் இந்த ஆட்சேபத்தின் பாதி பலம் போயிருக்கும்.

தமிழ் வாசகருக்கு இன்னோர் ஆட்சேபம் தோன்றும். அது இன்னும் ஆழமானது. பண்டைய நீர்ப்பாசன நாகரிகம் என்பது சுதந்திர இலங்கையின் அரசியலில் ஓர் இனத்தின் பெருமையாக உயர்த்திப் பிடிக்கப்பட்டது. பழைய குளங்களைப் புதுப்பித்து அவற்றின் கீழ் மக்களைக் குடியேற்றும் திட்டங்கள் கிழக்கிலும் வடக்கின் எல்லையிலும் குடித்தொகையை மாற்றின. கல்லோயாவிலிருந்து பதவியா, கந்தளாய் வரை தமிழ்க் கட்சிகள் எழுப்பிய முறையீடு அது. வீரமந்திரியின் கருத்தில் இந்தச் சர்ச்சை வரவில்லை. குளங்கள் பிளவில்லாத ஒரு நாட்டின் பொது மரபாக வருகின்றன. டான்யூப் வழக்கில் அதற்கு இடமில்லை என்பது ஒரு பதில். அது எனக்குப் போதவில்லை. வலுவான பதில் குளத்திலேயே இருக்கிறது. கந்தளாய்க் குளத்தைச் சிங்கள மரபு அக்கபோதி மன்னனுக்கு உரியது என்கிறது. தமிழ் மரபு குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்காகக் கட்டியது என்கிறது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டும் அங்கே கிடைத்திருக்கிறது. மன்னாரின் கட்டுக்கரைக் குளமும் வன்னியின் குளங்களும் இதே நுட்பத்தின் பிள்ளைகள். கடலுக்கு இப்பால், உத்திரமேரூர்ச் சபை ஏரிக்கென்று ஒரு வாரியத்தைக் குடவோலையில் தேர்ந்தெடுத்ததை முதலாம் பராந்தகனின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நீரை ஊர் காக்க வேண்டும் என்ற நெறி எந்த ஒரு மொழிக்கும் தனிச் சொத்தல்ல. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அரசு நிலத்தின் உரிமையாளன் அல்ல, காவலன் என்ற வாதத்தை ஏற்றால், அந்தக் காவல் யாருக்காக என்ற கேள்வி உடனே வருகிறது. அந்த மண்ணில் வாழும் எல்லோருக்காகவும் என்பதைத் தவிர வேறு விடை அந்த நெறிக்குள் இல்லை. குளத்தைக் காட்டிக் குடித்தொகையை மாற்றும் அரசு, வீரமந்திரி எடுத்துச் சொன்ன நெறியை மீறுகிறது. அவருடைய வாதம் அவர் பேசாத இடத்திலும் செல்லுபடியாகும்.

சட்டத்தார் எழுப்பும் கேள்வி இனி. அநுராதபுரத்து உழவனின் வழக்கம் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் எப்படிச் செல்லும்? நீதிமன்றத்தின் சாசனத்திலேயே விடைக்கு இரண்டு பிடிமானங்கள் உண்டு. 38ஆம் பிரிவு, நாடுகள் ஒப்புக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளைச் சட்டத்தின் ஊற்றுகளில் ஒன்றாகச் சொல்கிறது. 9ஆம் பிரிவு, உலகின் முக்கிய நாகரிக வடிவங்களுக்கும் சட்ட மரபுகளுக்கும் நீதிபதிகள் குழுவில் இடம் இருக்க வேண்டும் என்கிறது. அந்த இடம் நாற்காலிக்கு மட்டும்தானா, மரபின் சரக்குக்கும் உண்டா என்பதே வீரமந்திரி எழுப்பிய வினா. குரோஷியஸ் தம் நூலில் ஆதாரமாக வைத்தவை என்ன? கிரேக்கப் புலவர்கள், ரோம வரலாற்றாசிரியர்கள், விவிலியம். மத்தியதரைக் கடற்கரையின் கதைகளிலிருந்து எடுத்த நெறி உலகச் சட்டமாகலாமென்றால், அதே முறை பிற கரைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். ரோமன்-டச்சுச் சட்டத்தில் தோய்ந்த ஒரு கொழும்பு நீதிபதிக்கு இது தெரியாமலிருக்காது; குரோஷியஸ் அவருக்கு அன்றாடச் சட்ட ஆசிரியர். தம் ஆசானின் முறையைத்தான் அவர் ஆசான் போகாத ஊர்களுக்குக் கொண்டுபோனார்.

ஆனால் முறை சரியென்பதால் ஒவ்வொரு பயன்பாடும் சமமாகிவிடாது. 1996 ஜூலை 8 அன்று அணு ஆயுதங்கள் பற்றி நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியபோது, முக்கியப் பத்தியில் நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தார்கள். தலைவர் பெஜாவியின் தீர்மான வாக்கால் அது நிறைவேறியது. நாட்டின் உயிரே போகும் நிலையில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டபூர்வமா என்று சொல்ல முடியவில்லை என்றது அந்தப் பத்தி. எந்தச் சூழலிலும் சட்டவிரோதமே என்று வீரமந்திரி நீண்ட மாறுபட்ட கருத்து எழுதினார். அங்கே ராமாயணமும் மகாபாரதமும் வருகின்றன: பேரழிவு அஸ்திரத்தை எய்ய முனைந்த இலக்குவனைத் தடுத்த இராமன், கையில் இருந்தும் பயன்படுத்தாத அர்ச்சுனன். குறுக்குவில்லைத் தடைசெய்த 1139-இன் லாத்தரன் திருச்சபைச் சங்கமும், நஞ்சு தோய்ந்த அம்பை விலக்கிய இஸ்லாமிய மரபும் வருகின்றன. முடிவில் நான் அவர் பக்கம். அந்தக் கருத்தின் துணிவு அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அரிது. ஆயினும் சான்று என்ற அளவில் இதிகாசம் குளத்துக்கு ஈடாகாது. இதிகாசம் ஓர் இலட்சியத்தைச் சொல்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த மன்னர்கள் அப்படிப் போர் செய்தார்களா என்பதைச் சொல்லாது. குளம் நடைமுறையின் எச்சம். அதன் கட்டையும் துருசையும் அளந்து பார்க்கலாம்.

தனிக்கருத்தும் மாறுபட்ட கருத்தும் தீர்ப்பல்லவே, அவற்றுக்கு என்ன பலன் என்பாரும் உண்டு. 1995-இல் பிரான்சின் அணுச் சோதனைகளை எதிர்த்து நியூசிலாந்து வந்தபோது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்வது நாடுகளின் கடமை என்று வீரமந்திரி மாறுபட்டு எழுதினார். டான்யூப் கருத்தில் அதை மேலும் நீட்டி, திட்டம் ஓடும் காலம் முழுவதும் அந்த மதிப்பீடு தொடர வேண்டும் என்றார். 2010-இல் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையிலான காகிதக்கூழ் ஆலை வழக்கில், எல்லை கடந்து தீங்கு விளையக்கூடிய இடத்தில் அத்தகைய மதிப்பீட்டைப் பொதுச் சர்வதேசச் சட்டம் கோருவதாகக் கருதலாம் என்று நீதிமன்றமே சொன்னது. பதினைந்து ஆண்டுகளில் ஓரத்தில் நின்ற வாதம் நடுவுக்கு வந்துவிட்டது.

குளங்களோ அதைவிட விரைவாக ஊர் திரும்பின. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் பாஸ்பேட் படிவு இருக்கிறது. அதை வெட்டியெடுக்க அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு இலங்கை அரசு ஒப்பந்தம் போட முனைந்தது. நெல்லையும் மாட்டையும் தென்னையையும் நம்பி வாழ்ந்த அப்பகுதிவாசிகளும் ஒரு விகாரைப் பிக்குவும் சேர்ந்து ஏழு பேர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நவுருவில் தீவையே தின்ற அதே கனிமம். இம்முறை அதன் வழியில் கிடந்தது ஜயகங்கை. 2000 ஜூனில் நீதிபதி அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளங்களுக்கு அரசு காவலன் என்ற நெறியைப் பழைய இலங்கையின் நீர்ப்பாசனத்திலிருந்து எடுத்தது. அதற்கு வழிகாட்டியாக டான்யூப் வழக்கின் தனிக்கருத்தைக் காட்டியது. முழுமையான ஆய்வும் சுற்றுச்சூழல் சட்டப்படியான அனுமதியும் இல்லாமல் எந்த ஒப்பந்தமும் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. கலாவெவவின் நீர் இன்றும் அந்த வாய்க்கால் வழியே அநுராதபுரத்துக்குப் போகிறது.